தேர்தல் கணக்கைக் காட்டு! கேட்பது பிச்சையல்ல, நம் உரிமை!



வியாபாரிக்கு நெல் போட்டால் எடைச் சீட்டு வாங்குகிறோம். சொசைட்டியில் யூரியா எடுத்தால் பில் கேட்கிறோம். அரை லிட்டர் பால் ஊற்றினாலும் அட்டையில் எழுதி வாங்குகிறோம். ஊரையே ஐந்து வருஷத்துக்கு ஒருத்தர் கையில் ஒப்படைத்தோமே, அதற்கு என்ன சீட்டு வாங்கினோம்?

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நம் மாவட்டமும் அதில் ஒன்று. வேலையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்று, வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாலு சீட்டில் குத்தினோம். அந்தத் தேர்தலில் வேட்பாளர் செலவுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் வரம்பு வைத்தது. வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய். ஊராட்சித் தலைவருக்கு 34,000. ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000. மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஜெயித்தவர், தோற்றவர் எல்லோரும் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும்.

34,000 ரூபாய்! நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். ஓடிய வண்டிக்கு டீசல் போட அது காணுமா? ராத்திரி ராத்திரியாகப் பொங்கிப் போட்ட பிரியாணிக்குக் காணுமா? வீட்டுக்கு வீடு வந்த கவர் எந்தக் கணக்கில் ஏறியது?

லட்சக்கணக்கில் விதைத்தவன் அறுக்காமல் விடுவானா? அந்த அறுவடைதான் நம் ஏரியில் நடந்தது. வாய்க்கால் தூர் வாரியதாக பில் உண்டு, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ரோடு போட்டதாக போர்டு உண்டு, அடுத்த மழைக்கு ரோடு இல்லை. கடைமடைக்காரன் வயல் காய்வதற்கும் தேர்தல் செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களே, இதுதான் சம்பந்தம்!

அதனால்தான் நம் சங்கம் ஒன்றிய அலுவலகத்தில் மனுப் போட்டது. கேட்டது இரண்டே இரண்டு. ஒன்று, நம் ஊராட்சிகளில் போட்டியிட்டவர்கள் கொடுத்த செலவுக் கணக்கின் நகல். இரண்டு, வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு பற்றி அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தின் நகல். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்கவில்லை. அது ரகசியம், ரகசியமாகவே இருக்கட்டும்.

நடந்தது என்ன? முதல் நாள், "அலுவலர் இல்லை, அப்புறம் வா." இரண்டாம் நாள், "உனக்கு எதுக்குய்யா இது?" தபாலில் அனுப்பினோம். 30 நாள் போனது, பதில் இல்லை. மேல்முறையீடு போட்ட பிறகு ஒரே வரியில் பதில் வந்தது: "கேட்கப்பட்டவை தனிநபர் விவரம், தர இயலாது."

"உனக்கு எதுக்கு" என்று கேட்கவே அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(2) பிரிவு, தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது.

தனிநபர் விவரமாம்! 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, அதை வைத்துத் தகவல் சட்டத்தின் 8(1) பிரிவில் கை வைத்தார்கள். 2025 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. இப்போது எதைக் கேட்டாலும் "தனிநபர்" என்ற ஒரே சாவியால் பூட்டப் பார்க்கிறார்கள். ஆனால் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏற்படும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்று அது சொல்கிறது. நம் ஓட்டைக் கேட்டு வந்தவர் நமக்காகக் கொடுத்த கணக்கு பொதுநலன் இல்லையென்றால் வேறு எதுதான் பொதுநலன்?

வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று 2002-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அது எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல் பற்றிய வழக்கு. எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நியாயம், பிரசிடெண்டுக்கு ஒரு நியாயமா?

எந்தக் கட்சிக்கும் எதிராக நாம் இதைக் கேட்கவில்லை. நம் சங்கத்தார் நின்ற வார்டுகளின் கணக்கையும் சேர்த்தே கேட்டிருக்கிறோம். மனுப் போட்ட விஷயம் தெரிந்ததும் நம் உறுப்பினர் ஒருவர் தன்னிடம் இருந்த நகலை எடுத்து வந்து டீக்கடைச் சுவரில் ஒட்டினார். ஊர் படித்தது. நாலு பேர் கேள்வி கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. கணக்கு நேராக இருப்பவருக்கு என்ன பயம்?

இந்தச் சட்டம் மேலிருந்து இறங்கி வந்த வரம் அல்ல. ராஜஸ்தானில் நம்மைப் போன்ற சிறு விவசாயிகளும் கூலிக்காரர்களும் பஞ்சாயத்து பில்லையும் வேலைப் பட்டியலையும் ஊர் நடுவில் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். அவர்கள் வெயிலில் காய்ந்து வாங்கிய சட்டத்தை நாம் மடித்து மூலையில் வைக்கலாமா?

2025 ஜனவரி 5-ல் நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தேர்தல் எப்போது வந்தாலும் பழைய முகங்கள் புது வேட்டி கட்டி வரும். போன தடவைக் கணக்கைப் பார்க்காமல் இந்தத் தடவை ஓட்டா?

தோழர்களே, செய்ய வேண்டியது இதுதான்:

வெள்ளைத் தாளில் எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லையென்றால், 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கெடு தாண்டித் தரும் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது.

எழுதத் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். ஒரு மனுவை அலமாரியில் போட்டுப் பூட்டலாம். ஊருக்கு நூறு மனு வந்தால் எந்த அலமாரியில் போடுவார்கள்?

நமது கோரிக்கைகள்:

1. 2019 உள்ளாட்சித் தேர்தல் செலவுக் கணக்குகளை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டு!

2. மனுவை வாங்க மறுக்கும் போக்கை நிறுத்து! கையோடு ஒப்புகை கொடு!

3. வரும் தேர்தலில் உறுதிமொழிப் பத்திரங்களை ஓட்டுப் பதிவுக்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் படித்துக் காட்டு!

இந்த மூன்றையும் அடுத்த கிராம சபையில் தீர்மானமாக எழுத வைப்போம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் ஊர் ஊராகச் சென்று மனுக் கொடுப்போம். பச்சைத் துண்டோடு வாருங்கள்! பெண்களையும் அழைத்து வாருங்கள்!

கணக்குக் கேட்காத ஊருக்குத் தண்ணீர் வராது!
கேட்போம்! கேட்டுக்கொண்டே இருப்போம்! வாங்காமல் ஓயமாட்டோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், ஒன்றியக் குழு