ஒரே தொட்டியில் இரண்டு ஓணான்

எங்கள் பழங்காநத்தம் வீட்டு வராந்தா டியூப் லைட்டுக்கு ஒரு முதலாளி உண்டு. வால் அறுந்து பாதி முளைத்த தடித்த பல்லி. வேறு பல்லி வெளிச்சத்துப் பக்கம் வந்தால் விரட்டிவிடும். விரட்டப்பட்டது ஓட்டு இடுக்குக்குள் நுழைந்துகொள்ளும். அதோடு சண்டை முடிந்தது.

இதை எழுதக் காரணம் அடுத்த தெருப் பையன். காலேஜ் படிக்கிறான். ஒரே கண்ணாடித் தொட்டியில் பச்சை இகுவானாக் குட்டியையும், 'பியர்டட் டிராகன்' என்கிற தாடி ஓணானையும் சேர்த்து வளர்த்தான். விளக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்ததைக் காட்டி, "பாருங்க தாத்தா, எம்புட்டு ஒட்டுதலா இருக்கு!" என்றான். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. மூன்றாம் வாரம் தாடி ஓணானுக்குக் கால்விரல் ஒன்றைக் காணோம்.

அதன் பிறகுதான் விசாரித்தேன், படித்தேன். மேலே ஏறிப் படுத்தது விளக்குச் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளத்தான். தலையை மேலும் கீழும் ஆட்டுவது மிரட்டல். நம் வேலியோரத்து ஆண் ஓணான் கழுத்து சிவந்து தண்டால் எடுக்குமே, அதே சங்கதி. (நம்மைக் கேலி செய்கிறதென்று சின்ன வயதில் கல்லெறிந்திருக்கிறோம். பாவம்.)

இகுவானா மத்திய, தென் அமெரிக்க மரவாசி. இலை தழை தின்னும், ஈரப்பதம் வேண்டும், வளர்ந்தால் வாலோடு ஐந்தடி. தாடி ஓணானோ ஆஸ்திரேலிய வறண்ட நிலத்தது. பூச்சியும் தின்னும், குளிர்காய 40 டிகிரிச் சூடு கேட்கும். ஒன்றுக்குச் சுகமான ஈரம் மற்றதற்கு நோய்.

இரண்டு விளக்கு, இரண்டு தீனித்தட்டு, நடுவே கண்மறைவாகக் கல், இரண்டு ஆணைச் சேர்க்காதே, புதிதாக வந்ததை ஒரு மாதமாவது தனியே வை என்றெல்லாம் யோசனை சொல்கிறார்கள். ஒரே இனமென்றால் இவை ஓரளவு உதவும். இனம் வேறென்றால் தனித்தனித் தொட்டிதான் என்பது என் கட்சி. இடமில்லையா, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிருகக்காட்சிச் சாலையில் கலந்து வைத்தால் அங்கே இடமுண்டு, கவனிக்க ஆளுண்டு. நம் ஹால் மேஜைத் தொட்டியில் தோற்றது ஓடி ஒளிய ஓட்டு இடுக்கு ஏது?

இன்னொன்று. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தம், 2024 விதிகளின்படி இகுவானாவை 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்ற கடைக்காரர் மூச்சு விடவில்லை. நம்மூர் உடும்பென்றால் பதிவுப் பேச்சே இல்லை; பிடிப்பதே குற்றம்.

பையன் இரண்டாம் தொட்டி வாங்கிவிட்டான். அதில் பாதிப் பணம் என்னுடையது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.