பாட்டு எவர் மொழியில்? படம் எவர் பக்கம்?

"எண்பதுகளின் பாட்டைப் போல வருமா? எண்பதுகளின் படத்தைப் போல வருமா?" என்று பெருமூச்சு விடுவோர் தொகை பெருகிவிட்டது. மேடை போட்டுப் பாடுகிறார்கள், சீட்டு விற்கிறார்கள், கூட்டம் கூடுகிறது. கூடட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் தோழர்களே, பெருமூச்சு தராசு ஆகுமா? அந்தப் பத்து ஆண்டுகளில் வந்ததெல்லாம் பொன்னா? சேலை வாங்க வருபவர் சரிகையை உரசிப் பார்க்கிறாரே, படத்தையும் பாட்டையும் உரசிப் பார்க்க நமக்கும் ஒரு கல் வேண்டாமா?

அந்தக் கல் இரண்டே கேள்விகள்தான். பாட்டு எவர் மொழியில்? படம் எவர் பக்கம்?

"தறிக்காரனுக்குச் சினிமாவை எடைபோடும் வேலை எதற்கு?" என்பாரும் உளர். 'வேலைக்காரி'யையும் 'ஓர் இரவை'யும் எழுதி, திரையைச் சிந்தனைக் களமாக்கிய அண்ணா பிறந்த காஞ்சியிலா இந்தக் கேள்வி? பாட்டைத் தறிக்காரனைவிட அதிகம் கேட்டவன் எவன்? கண் பாவில் இருக்கும், கை நாடாவில் இருக்கும், காது மட்டுமே ஓய்வாக இருக்கும் தொழில் இது. வானொலியும், பின்னர் டேப்ரெக்கார்டரும் தறியோசையோடு போட்டியிட்டுப் பாடிய வீடுகள் நம்முடையவை. கேட்டவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு.

முதலில், 1985இல் வந்த 'சிந்து பைரவி'. கே. பாலச்சந்தர் இயக்கம், இளையராஜா இசை. கச்சேரி மேடையிலே பெரும் பாடகர். பாடுவதோ தெலுங்குக் கீர்த்தனை. சபையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்கிறாள்: எங்களுக்குப் புரியும் தமிழில் பாடினால் என்ன? "நீ பாடு பார்க்கலாம்" என்கிறார் வித்வான். பாடுகிறாள். நாட்டுப்புறத்து மெட்டிலே தொடங்கி, அதே இராகத்தில் கீர்த்தனையோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா ஓட்டி இரண்டையும் பிரியாமல் கோக்கும் கோர்வை வேலை நமக்குத் தெரியும். அந்தப் பாட்டு அப்படிப்பட்ட கோர்வை! இளையராஜாவுக்கும், பாடிய சித்ராவுக்கும், நடித்த சுகாசினிக்கும் தேசிய விருதுகள் வந்தன.

தமிழ்நாட்டிலே தமிழ்ப் பாட்டுக் கேட்பதற்கு வழக்காட வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞன் நம்புவானா? 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது அந்த வழக்கின் விளைவுதான். அதற்கும் முன்னரே, திருப்புகழை மேடையேற்றிப் புகழ்பெற்ற நயினாப் பிள்ளை வாழ்ந்த ஊர் நம் காஞ்சி. அந்த வழக்கைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தது இந்தப் படம். பின்பாதியில் குடும்பச் சிக்கலுக்குள் நுழைந்து, எழுப்பிய கேள்வியை மறந்துவிடுகிறது. அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

இளையராஜா எங்கிருந்து வந்தார்? பண்ணைப்புரத்திலிருந்து, அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாட, உடன் வாசித்துத் திரிந்த தெருக்களிலிருந்து. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது, வயற்காட்டு மெட்டு கொட்டகைக்குள் தலைநிமிர்ந்து நடந்தது. எண்பதுகளின் இசையிலே நமக்குச் சொந்தம் உண்டென்று நாம் உணர்வதற்குக் காரணம் இதுதான்.

இனி, படம் எவர் பக்கம்?

1981இல் 'தண்ணீர் தண்ணீர்'. கோமல் சுவாமிநாதன் நாடகம், பாலச்சந்தர் படமாக்கினார். அத்திப்பட்டி மக்கள் மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்து, தாங்களே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டப் புறப்படுகிறார்கள். அனுமதி உண்டா என்று தடுக்கிறது அதிகாரம். தண்ணீர் கொடுக்க வராத அரசு, தடுக்க மட்டும் வருகிறது!

1982இல் 'ஏழாவது மனிதன்'. பாரதி நூற்றாண்டிலே, பாரதி பாடல்களுக்கே எல். வைத்தியநாதன் இசையமைத்த படம். சிமெண்ட் ஆலையின் புகையில் மூச்சுத் திணறும் மக்களின் பக்கம், அந்த ஆலைக்கே வேலைக்கு வந்த இளைஞன் நிற்கிறான். சம்பளம் கொடுப்பவன் பக்கமா, சாம்பல் தின்பவன் பக்கமா என்ற கேள்விக்கு அவன் சொன்ன விடை அது.

1988இல் பாலு மகேந்திராவின் 'வீடு'. பாட்டே கிடையாது, சண்டை கிடையாது. அலுவலகத்துப் பெண் ஒருத்தி கடன் வாங்கி, நகை விற்று, ஒரு சிறு வீடு கட்டப் பார்க்கிறாள். ஒப்பந்தக்காரன் சிமெண்ட்டைத் திருடுகிறான். அதைத் துணிந்து சொல்பவள் சித்தாள் மங்கம்மா. கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் கடனுக்கு நடந்தவனுக்கு இந்தப் படத்தைப் புரியவைக்க வாத்தியார் தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பின் ஒரு வருத்தம். அந்த ஆண்டுகளின் கல்யாணக் காட்சிகளிலே காஞ்சிப் பட்டு மின்னியது; அதை நெய்தவன் முகம் மின்னியதா? திரையில் நம் தறிக்குழியைக் காண 2008இல் பிரியதர்சனின் 'காஞ்சிவரம்' வரவேண்டியிருந்தது. பட்டு நெய்பவன் தன் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை உடுத்த முடியாத கொடுமையைச் சொல்லி, சிறந்த படத்துக்கான தேசிய விருதையும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் பெற்றது அது. எண்பதுகளைப் போற்றுவோர் இந்தக் கணக்கையும் மறக்கக்கூடாது.

ஆகவே மன்றத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிப்பகத்திலே மாதம் ஒரு படம் போடுங்கள். தறியை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளையும் அழைத்து உட்காரவையுங்கள். படம் முடிந்ததும் கலைந்துவிடாமல் அரை மணி நேரம் பேசுங்கள். அவர்கள் நம்மிடம் கேட்பார்கள்: "அப்பா, அத்திப்பட்டியில் தடுத்தார்களே, நம் தெருவில் யார் தடுத்தார்கள்?"

அந்தக் கேள்வி பிறந்தால் போதும். பெருமூச்சு விட்ட ஊர் பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள்!