செல்ஃப் எடுக்கவில்லையா? உடனே பேட்டரி மாற்றாதீர்கள்

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் ஒன்றாக வந்து நிற்பது காவிரி டெல்டாவுக்குப் புதிதல்ல. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடுக்கத் தயங்குவார்கள். காய்ந்த நெல்லை அடுத்த மழைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க அம்மாப்பேட்டை, ஒரத்தநாடு, நீடாமங்கலம் பக்கமெல்லாம் உழவர்கள் நம்பியிருப்பது பழைய குட்டி யானையையும் டாடா 207-ஐயும் பொலிரோ பிக்கப்பையும்தான். அந்த நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. சுற்றி நிற்பவர்கள் ஒரே குரலில் சொல்வார்கள்: "பேட்டரி போச்சு."

மறுநாள் புதுப் பேட்டரி வந்துவிடும். கொஞ்ச நாளில் அதே 'டக்' திரும்பவும் கேட்கும்.

வட்டிக்கு வாங்கி வண்டி ஓட்டுகிறவருக்குப் பேட்டரி விலை சின்னத் தொகை இல்லை. ஒரு நாள் வாடகையும் போய், பேட்டரிக்கும் பணம் போனால் அந்த வாரமே நட்டம். அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றும் பழக்கம்தான் இந்த நட்டத்துக்குக் காரணம். டெல்டா அதை விட்டாக வேண்டும்.

குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் என்ஜின். அந்தக் காலத்து வண்டியில் செல்ஃப் எடுக்கும் மின்பாதை எளியது. பேட்டரியிலிருந்து தடித்த வயர் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. மின்சாரம் என்ஜின் உடம்பு வழியாக எர்த் பட்டையில் இறங்கிப் பேட்டரிக்குத் திரும்புகிறது. சாவி செய்வதெல்லாம் சொலினாய்டைத் தட்டி எழுப்புவது மட்டுமே. ஆனால் அந்தத் தடித்த வயரில் ஓடும் மின்சாரம் மிகப் பெரியது. 200 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும். 0.01 ஓம் என்பது டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி, தளர்ந்த ஒரு நட்டு, துருவேறிய ஒரு போல்ட். ஹெட்லைட்டும் ஹாரனும் சில ஆம்பியரில் வேலை செய்துவிடும் என்பதால் அவற்றை வைத்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரியில் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ். 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. காலியான பேட்டரியும் கெட்டுப்போன பேட்டரியும் ஒன்றல்ல. முதலில் முழுக்கச் சார்ஜ் ஏற்ற வேண்டும், பிறகு சோதிக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அவசரப்படக் கூடாது. உள்ளே இறுகிப்போன செல்ஃப் மோட்டாரும் அதே அளவுக்கு இழுக்கும்.

அடுத்த சோதனையைத்தான் பலரும் செய்வதே இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைக்க வேண்டும். கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே. இன்னொரு முனை என்ஜினில் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட் வரை காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. எர்த் பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் வேலை முடிந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளில் இந்தச் சோதனை கட்டாயம். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் சேஸில்தான் இறங்குகிறது. எர்த் பட்டை வெளியே முழுசாகத் தெரியும். சேஸில் சேரும் இடத்தில் உள்ளே அரித்திருக்கும்.

வைக்கோல் ஏற்றும் வண்டிக்கு வேறு எதிரி, எலி. வைக்கோல் போரையொட்டி நிறுத்தி வைத்தால் வயரின் மேல்தோலைக் கடித்துவிடும். பாதி அறுந்த வயர் வெயிலில் வேலை செய்யும், மழையில் மக்கர் பண்ணும். நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இதற்கு மீட்டரைக்கூட எடுப்பதில்லை. டெஸ்ட் லாம்பை ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் வெளிச்சம் மங்குகிறதோ அங்கே நிற்பார். அந்த ஒரு பல்பை வைத்து அவர் செய்யும் நோய் கண்டறிதலுக்கு உரிய கூலியைத் தர நாம் யோசிக்கிறோம். புதுப் பாகம் என்றால் மட்டும் பேரம் பேசாமல் பணம் எடுக்கிறோம்.

கொள்முதல் நிலைய வாசலில் நாள்கணக்காகக் காத்திருப்பதும் பேட்டரியைக் கொல்கிறது. இரவெல்லாம் உள்விளக்கு, பாட்டு, நான்கைந்து செல்போன் சார்ஜ். விடிந்ததும் தள்ளி ஸ்டார்ட் செய்து நூறடி நகர்த்தி மறுபடியும் நிறுத்தினால் இழந்தது ஏறாது. அரைச் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். 13-ஐத் தொடவே இல்லை என்றால் ஊர்வழக்கில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரையோ, அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய், பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அவசரத்தில் பக்கத்து நெல் லாரியிலிருந்து வயர் கொடுப்பது டெல்டா சாலைகளில் சாதாரணம். அது ஆபத்து. கனரக லாரிகளில் இரண்டு பேட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட் ஓடுகிறது. பிக்கப்புக்கு 12 மட்டுமே. பல்பிலிருந்து டைனமோ டயோடு வரை கருகிவிடும். டிராக்டர் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், அதையும் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும்.

பேட்டரியும் எர்த்தும் சரியாக இருந்து, ஒற்றை 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் திரும்பலாம். அப்போதும் முழு மோட்டாரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் செய்த மோட்டார்களுக்குக் கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. 'டக்டக்டக்' என்று வேகமாக அடித்தால் அது சார்ஜ் குறைவு அல்லது தளர்ந்த டெர்மினல். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது டீசல் வழி.

இந்தச் சோதனைகளைக் கற்றுத்தர இடமும் இருக்கிறது. தமிழக அரசு 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தியிருக்கிறது. ரோபோவும் மின்வாகனமும் கற்றுத்தருவது நல்லதே. அதே கூடங்களில் மாலை நேரத்தில், பழைய பிக்கப் ஓட்டுநர்களுக்கும் கிராமத்து மெக்கானிக்குகளுக்கும் இரண்டு நாள் மின்சோதனைப் பயிற்சி கொடுக்க ஒரு மீட்டரும் ஓடாத ஒரு வண்டியும் இருந்தால் போதும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட நிர்வாகங்கள் இதை நடத்த வேண்டும்.

அதுவரை வண்டிக்காரர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை "பேட்டரி போச்சு" என்று யார் சொன்னாலும், மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிற்கும்போது எவ்வளவு, சுற்றும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் பில்லில் எழுதி வாங்கிய பிறகு பணத்தை எடுங்கள்.