உடல் நலம்: கனத்த சைக்கிளும் தில்லிக் குளிரும்

தில்லியில் மார்கழி பிறந்ததும் அன்பர்கள் பலர் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிடுகின்றனர். பங்குனியில் மீண்டும் ஏறும்போது கால்கள் சோர்கின்றன. நாள் முழுதும் மேசைமுன் அமரும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது பெருநட்டம்.

பந்தய சைக்கிள் சுமார் 8 கிலோ, நம் கறுப்புச் சைக்கிளோ 20 கிலோவை நெருங்கும், கியரும் இல்லை. சிக்னல்தோறும் நின்று அப்பாரத்தை மீண்டும் கிளப்புவதும், மேம்பாலம் ஏறுவதும் தொடைகளுக்கு உரமூட்டும்.

எனினும் முழங்காலைக் காத்தல் வேண்டும். முதலில் மெல்ல மிதித்து, உடல் சூடேறிய பின் விரைக. மிதி கீழே வருகையில் முழங்கால் சற்றே மடங்குமளவு ஆசனத்தை உயர்த்துக.

புகைமூட்டம் அடர்ந்த நாளில் மட்டும் மெட்ரோ ரயிலை நாடுக. மிதிப்பவர் மூச்சை மிகுதியாக இழுப்பதால் நச்சுத்தூளும் மிகுதியாக உட்புகும். ஏனைய நாட்களில் அலுவலகப் பாதையே நமக்குக் கட்டணமில்லா உடற்பயிற்சிக்கூடம்.