வாயிற்படியில் நின்ற சொல்

அமெரிக்கா என்றதும் நம் பெரியநாயக்கன்பாளையத்து வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கணிப்பொறிப் பணிக்குச் சென்ற பிள்ளைகளே. அந்நாட்டுச் சட்டத்தின் ஒரு சொற்றொடர் நம் அரசியலமைப்பினுள் நுழைய முயன்று வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்ட வரலாற்றை எடுத்துச் சொல்வோர் குறைவு.

உரிய சட்டநெறியின்றி எவருடைய உயிரும் உரிமையும் உடைமையும் பறிக்கப்படலாகாது என்பது, 1791இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்த ஐந்தாம் திருத்தத்தின் ஒரு கூறு. சட்டமன்றம் சட்டம் இயற்றிவிட்டது என்பதோடு நில்லாமல், அச்சட்டமே நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்க இச்சொற்கள் இடமளித்தன.

நமது அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா சென்றபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் இச்சொற்றொடர் வேண்டாமென்றே அறிவுறுத்தினார். மக்கள் மன்றத்தின் முடிவைச் சில நீதிபதிகள் தள்ளுவது முறையன்று என்பது அவர் கருத்து. அதில் நியாயம் இல்லாமலில்லை, வாசகர்களே! ரொட்டித் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 10 மணி நேரத்திற்குமேல் வேலை கூடாதென்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை, 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே சொற்களைக் காட்டித்தான் செல்லாததாக்கியது. ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இதன் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே நம் வரைவில் ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்பதே இடம்பெற்றது. 1948 டிசம்பரில் இதை மறுத்து, அமெரிக்கச் சொற்றொடரே வேண்டுமென வாதாடியவர்களுள் இருவரை நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் காஜி சையத் கரீமுத்தீன். மற்றவர் நம் சென்னை மாகாணத்து மஹ்பூப் அலி பேக் சாகிப். தக்க காரணமின்றி வீடுகளைச் சோதனையிடுவதற்கு எதிரான பாதுகாப்பையும் கரீமுத்தீன் கோரினார். இருபுறமும் ஆபத்துண்டு என்று கூறிய அம்பேத்கர், முடிவைச் சபையிடமே விட்டார். திருத்தங்கள் தோற்றன.

விளைவு விரைந்து வந்தது. சென்னை அரசின் தடுப்புக் காவலிலிருந்த ஏ.கே. கோபாலனின் வழக்கில், முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தாலே போதுமென்று 1950இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்ற விளக்கம் பிறக்க 1978 வரை, மேனகா காந்தி வழக்கு வரை, காத்திருக்க நேர்ந்தது. முன்வாசலில் மறுக்கப்பட்ட விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தார் எனலாம். 2017ஆம் ஆண்டின் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் கரீமுத்தீனின் திருத்தமும் நினைவுகூரப்பட்டது.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1998 பிப்ரவரி 14 அன்று தொடங்கிய கோவைக் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின; அக்குடும்பங்களின் துயரம் ஆறாதது. அவ்வழக்கில் கைதான அப்துல் நாசர் மஅதனி, ஒன்பதாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தபின் 2007 ஆகஸ்டில் விடுதலை செய்யப்பட்டார். நடைமுறை இருந்தது, அது நியாயமாக இருந்ததா என்பதே பேக் சாகிப் எழுப்பிய வினா.

அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் ஏழாம் தொகுதியில் அவ்வுரைகள் உள்ளன. வீட்டில் சட்டம் பயிலும் மகனோ மகளோ இருப்பின், 1948 டிசம்பர் 6ஆம் நாளின் பக்கங்களைத் தேடியெடுத்து எல்லோரும் கேட்கப் படிக்கச் சொல்லுங்கள்.