வீடு அவளது, கையொப்பம் யாருடையது?

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் நமது கரையோர முஸ்லிம் ஊர்களில் வழிவழியாக நிலைத்துவரும் வழக்கமொன்று உண்டு. பெண்பிள்ளை பிறந்தால் வீடு பற்றிய கவலையும் உடன் பிறக்கிறது. பெற்றோர் வயிற்றைக் கட்டிப் பொருள் சேர்த்து, வீடொன்றை எழுப்பி, மகள் பெயரில் எழுதிக் கொடுக்கின்றனர். மணமகன் தாய் வீட்டை விட்டு மனைவி வீட்டுக்கு வந்து வாழ்கிறான். குடியும் தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. தாயின் குடியே பிள்ளையின் குடி. அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களுக்கும் இம்மரபு பொதுவானது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் இதனை விரிவாக எடுத்துக் கூறியுள்ளார்.

இம்மட்டோடு நிறுத்திக் கொண்டால், இப்பகுதிப் பெண்ணைப்போல் உரிமை பெற்ற பெண் இலங்கையில் வேறெங்கும் இல்லை என்றே வெளியார் எண்ணுவர். ஆனால் அதே பெண்ணின் மணநாளை நோக்குவோம். அவளுடைய வீட்டில், அவளுடைய கூரையின் கீழ், காவின் எழுதப்படுகிறது. மணமகன் கையொப்பமிடுகிறான்; பெண்ணின் வலியாகிய தந்தையோ சகோதரனோ கையொப்பமிடுகிறார்; சாட்சிகள் இடுகின்றனர். மணமகளின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. வீட்டு உறுதியில் பெயருள்ளவளுக்குத் தன் வாழ்க்கையின் உறுதியில் எழுத இடமில்லை. குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்வதும் இவ்வூர்களின் பழைய மரபே. குடி பெண்வழி வருவது. குடியின் பெயரால் அமர்ந்து தீர்ப்புரைப்பவரோ என்றும் ஆண்.

இந்த முரண்பாட்டைச் சட்டமாக்கி வைத்திருப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமாகும். அதன் விதிகள் சிலவற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று. திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயதென்று அச்சட்டம் எதனையும் விதிக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியின் மணத்தைப் பதிவதற்குக் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே கூறியது. ஏனைய சமூகத்தினருக்கான பொது விவாகச் சட்டத்தில் 1995ஆம் ஆண்டு வயது பதினெட்டாக உயர்த்தப்பட்டபோதும் இது அசையவில்லை. காதியாக நியமனம் பெறுபவர் முஸ்லிம் ஆணாக இருத்தல் வேண்டும். சட்டம் பயின்றவராக இருக்க வேண்டியதில்லை. காதியின் முன்னிலையில் சட்டத்தரணி எவரும் தோன்றுதல் கூடாது. கணவன் காரணம் காட்டாமலே தலாக் கூறலாம். மனைவி பஸஹ் கோரினால் கணவனின் குற்றத்தைச் சாட்சிகளோடு நிறுவியாக வேண்டும்.

அடித்துத் துன்புறுத்தப்பட்ட பெண்ணொருத்தியை இவ்விதிகளின் நடுவே நிறுத்திப் பாருங்கள். அடி விழுவது கதவடைத்த அறைக்குள். சாட்சிக்கு யார் வருவார்? நெற்றிக் காயத்தைக் கண்ட உம்மாவும் அண்டை வீட்டாரும் கூடக் குடும்ப மானத்தை எண்ணி வாய் திறவார். அவளுக்காகப் பேசச் சட்டத்தரணி இல்லை. விசாரிப்பவர் ஆண், சுற்றி அமர்ந்திருப்போர் ஆண்கள், அவர்களுள் கணவனின் உறவினரும் இருத்தல் கூடும். வாய்விட்டுக் கூறக் கூசும் செய்தியை அச்சபையில் அவள் எங்ஙனம் கூறுவாள்? கூறாவிடின் வழக்குத் தோற்கிறது; கூறினாலோ மானம் போயிற்று என்கிறது ஊர். இரண்டு வழியிலும் அவளுக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: “சபர் செய், மகளே.” பொறுமை உயர்ந்த குணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடிப்பவனிடம் கேட்க வேண்டிய கணக்கை அடிபட்டவளிடம் பொறுமையாக வசூலிப்பது எந்த மார்க்கத்தின் நீதி?

நேர்மையும் இரக்கமும் உள்ள காதிமார் நம்மிடையே இருந்திருக்கின்றனர், இருக்கின்றனர். பெண்ணின் கண்ணீரைத் துடைத்துப் பிள்ளைத் தாபரிப்பைப் பெற்றுக் கொடுத்தோரும் உளர். ஆனால் ஒரு பெண்ணின் கதி, அவள் ஊருக்கு வாய்த்த காதியின் நற்குணத்தைப் பொறுத்தது என்றால், அது நீதியன்று, அதிர்ஷ்டம்.

இந்நோய் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதென எண்ணுவோர் உலகை அறியாதவர். அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பைப் பற்றி 2022ஆம் ஆண்டு மே மாதம் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை, பாலியல் குற்றம் சாட்டப்பட்ட போதகர்களின் பெயர்ப்பட்டியலைத் தலைமைப்பீடத்தார் ஆண்டுக்கணக்காக மறைத்து வைத்திருந்ததையும், முறையிட்ட பெண்களை அலட்சியப்படுத்தியதையும் வெளிப்படுத்தியது. போஸ்டன் நகரின் கத்தோலிக்கத் திருச்சபையில் நடந்தவை 2002ஆம் ஆண்டில் நாளேடொன்றின் முயற்சியால் அம்பலமாயின. மனைவி கணவனுக்கும், மந்தை மேய்ப்பனுக்கும் கேள்வியின்றிப் பணிய வேண்டும் என்று போதிக்கப்பட்ட இடத்தில், பணிவைப் பயன்படுத்திக் கொள்பவனும் தோன்றவே செய்வான். “நம் வீட்டு விஷயம், வெளியே போகலாகாது” என்ற சொல் அங்கேயும் கேட்டது, இங்கேயும் கேட்கிறது. மொழி வேறு, வேதம் வேறு, சாவி ஒன்றே.

சீர்திருத்தக் கோரிக்கைக்கு நம்மவர் கூறும் மறுப்புகள் இரண்டு. முதலாவது, இச்சட்டம் இறைவனின் சட்டம். மனிதர் கை வைக்கலாகாது என்பது. சட்டத்தின் வரலாறு வேறு கதை கூறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டு முகம்மதியர் சட்டக்கோவை ஒன்று வகுக்கப்பட்டது. 1929இல் புதிய கட்டளைச் சட்டம் வந்தது. 1951இல் மீண்டும் மாறிற்று. மூன்று முறை மனிதர் எழுதியதை நான்காம் முறை எழுதுவது எவ்வாறு பாவமாகும்? தன் விருப்பமின்றித் தந்தை மணம் முடித்து வைத்தார் என்று முறையிட்டு வந்த பெண்ணின் மணத்தை நபிகளார் செல்லாதென ஆக்கிய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அப்பெண்ணுக்கு அன்று கிடைத்த செவி, பதினான்கு நூற்றாண்டுகள் கழிந்தபின் கல்முனைப் பெண்ணுக்குக் கிடைக்கலாகாதா? பலஸ்தீனத்தில் 2009ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் ஷரீஆ நீதிமன்றங்களில் பெண்கள் நீதிபதிகளாயினர். இந்தோனேசியா 2019ஆம் ஆண்டில் மணவயதை இருபாலார்க்கும் பத்தொன்பதாக்கியது. அந்நாட்டு முஸ்லிம்கள் தம் மார்க்கத்தை இழந்துவிடவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. முஸ்லிம்களை வெறுப்போர் இச்சட்டத்தையே ஆயுதமாக்குகின்றனர். இவ்வேளையில் குறை கூறலாமா என்கின்றனர். இந்த அச்சம் வீண் அச்சமன்று. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு கொடுமைக்குப் பின் ஒரு சமூகமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டதைக் கண்டோம். 2021 ஒக்டோபரில் “ஒரே நாடு, ஒரே சட்டம்” செயலணிக்கு ஞானசார தேரரே தலைவரானார். அத்தகையோர் நமது பெண்களின் கண்ணீருக்காக உருகியவர் அல்லர். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்வோம். 2009ஆம் ஆண்டு நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அறிக்கை நீதியமைச்சரின் கைக்கு வந்ததோ 2018 ஜனவரியில். அதுவும் கருத்துப் பிளவோடு வந்தது. நாமே ஒன்பது ஆண்டுகளைக் கரைத்தோம். வீட்டார் பூட்டாத கதவின் வழியேதான் அந்நியன் நுழைகிறான்.

கடல் கொண்ட 2004ஆம் ஆண்டை இக்கரையில் எவரும் மறந்திலர். அதன்பின் எழுந்த வீடுகளுக்கு உறுதி வழங்கும்போது, “குடும்பத் தலைவர்” என்ற அரசாங்கப் பத்திரம் பெரும்பாலும் ஆணின் பெயரையே கேட்டது. அலை அழித்தது தாய் கொடுத்த வீட்டை. மீண்டும் கிடைத்தது கணவன் பெயரிலான வீடு. பள்ளிவாசலில் இடம் இல்லாதவளுக்குக் கந்தோரிலும் இடம் இல்லாமற் போயிற்று. மரபு தந்த உரிமை, எழுத்தில் ஏறாத இடத்தில் எத்துணை எளிதாகக் கரைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இலக்கிய ஏட்டுக்கு இவ்விஷயம் ஏன் என்று கேட்பாரும் இருக்கலாம். இப்பகுதியின் நாட்டார் கவிகளில் பெண்குரல் ஒலித்த அளவு வேறெதில் ஒலித்தது? சாய்ந்தமருதிலிருந்து எழுதும் அனாரின் கவிதைகளைத் தமிழுலகம் கொண்டாடுகிறது. ஆனால் ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் 2012ஆம் ஆண்டு வானொலிப் பேட்டியொன்றில் கூறிய ஒரு கருத்துக்காக எத்தனை அவதூறுகளையும் அச்சுறுத்தல்களையும் சுமந்தார்! கருத்தோடு மாறுபடுவோர் மறுப்பெழுதலாம். ஏசவும் மிரட்டவும் புகுந்தது எப்பண்பாடு? பெண்ணின் கவிதைக்குக் கைதட்டிவிட்டு அவள் கருத்துக்குக் கல்லெறியும் சமூகம், அவள் கவிதையையும் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நாம் கேட்பவை பெரியன அல்ல. மணமகளின் சம்மதம் அவள் கையொப்பத்தால் அறியப்படுக. மணவயது பதினெட்டு என எழுதப்படுக. தகுதியுள்ள பெண்ணுக்குக் காதியின் ஆசனம் திறந்திருக்க. முறையிடுவோள் விரும்பின் சட்டமறிந்தோர் துணை நிற்க. இவற்றுள் எது தொழுகையைத் தடுக்கும்? எது நோன்பை முறிக்கும்?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் வருகைப் பதிவேட்டை விரிக்கும்போது, மணம் பேசப்பட்டுப் பள்ளி வருவதை நிறுத்திய மாணவியின் பெயரெதிரே கோடு மட்டும் இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குச் செல்லாதீர்கள். அவள் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வாப்பா, ஆசிரியர் சொல்லுக்குச் செவி கொடாதவர் அல்லர். அவள் பெயரில் உறுதி எழுதத் தெரிந்த அவருக்கு, அவள் கையில் பேனாவைக் கொடுக்கவும் மனம் வரும்.