பாலைவனத்தில் விளையும் கோதுமை

கேள்வி: கோடை மழை கொட்டியும் எங்கள் மானாவாரி நிலத்தில் ஈரம் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம் பலத்த மழைக்கு மறுநாள் சைக்கிளில் சுற்றிவந்தேன். கல்மேட்டில் பெய்த மழையெல்லாம் ஓடிவந்து, பள்ளத்து வயலில் நீண்ட மண்கரைக்குள் தேங்கி நின்றது. இதற்குப் பெயர் ‘கடின்’. பாலிவால் சமூகத்தார் 15-ம் நூற்றாண்டிலேயே அமைத்த முறை. நீர் மண்ணில் இறங்கியபின், குளிர்காலத்தில் அந்த ஈரத்திலேயே கோதுமை, கொண்டைக்கடலை விதைக்கிறார்கள். அங்கே ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். நமக்கோ 900-க்கு மேல்!

சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். வரப்பை உயர்த்தி, உபரி நீர் வழியக் கல் பாவிய வழி விடுங்கள். இல்லையென்றால் வரப்பு உடையும். தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். அடுத்த மழைக்குள் முடித்துவிடுங்கள். ஓடும் தண்ணீரோடு மேல்மண்ணும் போய்விடும்.